முட்டை பொரிக்கும் நீர்

நீர் எங்கும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் ஊருக்கு ஊர் அதன் இயல்பு வேறுபடும். சில ஊர்களின் கிணற்று நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. பருப்பு விரைவில் வேகாது. கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் அந்நீரில் மிகுதியாகக் கரைந்திருப்பதே காரணம். அதனைக் கடினநீர் என்பர். மழைநீரில் இவ்வுப்புகள் மிகமிகக் குறைவு. ஆதலால் அது மென்னீர். இவ்வேறுபாடு நமக்குச் சமையலறைத் தொல்லை மட்டுமே. மீன்களின் தலைமுறையோ இதனைச் சார்ந்து நிற்கிறது.

இராசத்தானில் நான் பணியாற்றும் பள்ளியின் அறிவியல் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் நிரம்பிய அத்தொட்டியில் ஏஞ்சல் மீன் இணை ஒன்றும் சில கப்பி மீன்களும் வாழ்ந்தன. கப்பி மீன்கள் முட்டையிடுவதில்லை, குஞ்சுகளையே ஈனும். மாதந்தோறும் அவற்றின் குஞ்சுகள் தொட்டியில் துள்ளின. ஏஞ்சல் மீன்களும் அகன்ற இலையொன்றில் முட்டைகளை வரிசையாக ஒட்டின. தாயும் தந்தையும் மாறிமாறித் துடுப்பால் விசிறிக் காத்தன. எனினும் இரண்டு நாள்களுள் முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன. அடுத்தடுத்த முறைகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

"அம்மா, மீன்கள் நலமாகத்தானே இருக்கின்றன? பிறகு ஏன் குஞ்சு வரவில்லை?" என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வினவினாள்.

வேதியியல் ஆசிரியர் நீரைச் சோதித்தார். கடினத்தன்மை 24 டிகிரி, பிஎச் 8.2. பிஎச் அளவில் 7 நடுநிலை. அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். ஓர் எண் மாறினால் அமிலச் செறிவு பத்து மடங்கு மாறும். ஏஞ்சல் மீனின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. மழைக்காட்டினூடே ஓடிவரும் அந்நீர் பெரும்பாலும் மென்மையானது. சற்றே அமிலத்தன்மை கொண்டது. மிகுந்த கடினநீரில் ஏஞ்சல் மீன் உயிர் வாழும். அதன் முட்டைகள் கருவுறுவதும் கரு வளர்வதும் குன்றும். கப்பி மீனுக்கோ கடினநீர் ஏற்றது. ஆதலால் நீரைக் குறை கூறுதல் பொருந்தாது. ஒன்றுக்கு உகந்தது மற்றொன்றுக்கு உகக்கவில்லை, அவ்வளவே.

"சில துளி அமிலம் சேர்த்தால் போதாதா?" என்றான் ஒரு மாணவன். மீனில்லாத குடுவையொன்றில் ஆசிரியர் அதனைச் செய்து காட்டினார். பிஎச் உடனே 7 ஆகத் தாழ்ந்தது. மறுநாள் 8ஐ நெருங்கிவிட்டது. நீரிலுள்ள பைகார்பனேட்டு உப்புகள் அமிலத்தை ஏற்றுத் தணித்துவிடுகின்றன. எனவே உப்பைக் குறைப்பதே வழி என்று தெளிந்தோம்.

சூலையில் மழை வந்தது. முதல் மழை கூரையின் தூசியைக் கழுவி வருவதால் அதனை ஒழுகவிட்டு, அடுத்தடுத்த மழைகளைப் பீப்பாய்களில் சேர்த்தோம். தனி மழைநீரில் மீனை விடலாகாது. மீனின் உடலுக்கும் சிறிது உப்பு வேண்டும். பைகார்பனேட்டு இல்லாவிடில், கழிவுகளால் உண்டாகும் அமிலம் பிஎச்சைத் திடீரெனச் சரித்துவிடும். ஆகவே மூன்று பங்கு மழைநீருடன் ஒரு பங்கு கிணற்று நீரைக் கலந்தோம். 24ஐ நான்கால் வகுத்தால் 6 அன்றோ! கப்பிகளைப் பழைய நீருடன் வேறு தொட்டிக்கு மாற்றினோம். பின்னர் நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுக் கலவை நீரை ஊற்றினோம். மூன்று வாரங்களில் கடினத்தன்மை 8 டிகிரிக்கும் பிஎச் 7.2க்கும் இறங்கின.

ஆகஸ்டில் ஏஞ்சல் மீன்கள் மீண்டும் முட்டையிட்டன. சில முட்டைகள் வெளுத்தன. எஞ்சியவற்றில் மூன்றாம் நாள் மயிரிழை போன்ற வால்கள் துடித்தன. ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தலாயின. எண்ண முயன்ற மாணவர்கள் அறுபதுக்குமேல் எண்ணிக்கையைத் தவறவிட்டனர். ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறால் வகையின் குஞ்சுகளை இரையாக அளித்தோம். மீந்த இரையும் கழிவும் அம்மோனியா என்னும் நஞ்சாகும். நற்பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும். காரம் மிகுந்த நீரில் அம்மோனியாவின் கொடுமை கூடும். ஆதலால் மாணவர்கள் முறைவைத்து நாள்தோறும் அடிமண்டியை உறிஞ்சி எடுத்தனர்.

மாணவர்களே, வாழ்தல் வேறு. வழிவழியாகத் தழைத்தல் வேறு. அயலூரில் உங்கள் பெற்றோரிடம் தமிழ் நலமாகவே வாழ்கிறது. ஆயினும் வீட்டில் தமிழில் கேட்கப்படும் வினாக்களுக்கு உங்களுள் பலர் இந்தியில் விடை கூறுகிறீர்கள். என் மகளும் அவ்வாறே கூறுகிறாள். இந்தியும் ஆங்கிலமும் நமக்கு வேண்டியவையே. கிணற்று நீரை நாங்கள் முற்றிலும் நீக்கவில்லை. மழைநீரைத் தேடிச் சேர்த்தோம். நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றினோம். இன்றிரவு உணவு வேளையில் அன்றைய நிகழ்ச்சி ஒன்றைத் தமிழிலேயே கூறிப் பாருங்கள். சொல் கிடைக்காத இடத்தில் அம்மாவையோ அப்பாவையோ கேளுங்கள்.

வினாக்கள்

1. ஏஞ்சல் மீன் வாழ்ந்த நீரில் அதன் முட்டைகள் பொரியாமைக்குக் காரணம் யாது?
2. மழைநீரைத் தனியே பயன்படுத்தாமல் கிணற்று நீருடன் கலந்தது ஏன்?
3. உங்கள் வீட்டு நீர் கடினநீரா, மென்னீரா? சோப்பு நுரையைக் கொண்டு சோதித்து ஐந்து வரிகளில் எழுதுக.