ஓட்டையில்லாத அட்டை

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன் புற்றுநோயைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு என் சித்தப்பாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. வலியே இல்லை. சதை எடுத்துச் சோதித்ததில் லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்தது. காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள்.

வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. அதில் 'பி.சி.எல்.6' என்று ஒரு வரி. டாக்டரைக் கேட்டேன். ஜீன்களைக் கட்டுப்படுத்தும் புரதம் என்றார். இந்த 'ஜீன்' என்ற சொல் எப்படியோ சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டது. சித்தப்பா மகள், என் அக்காவுக்குப் பேசி முடித்த கல்யாணம் அது. "பரம்பரை வியாதியாமே?" என்று தரகரிடம் கேட்டு அனுப்பினார்கள். ஆயா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தேடித் தேடிப் படித்தேன். கடைசியில் அப்பாவின் தறிதான் புரியவைத்தது. ஜக்கார்டு பெட்டியில் அட்டை சுற்றி வருகிறதல்லவா? ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழையும், கொக்கி தூக்கும், பாவு இழை ஏறும். ஓட்டை இல்லையென்றால் இழை கீழேயே கிடக்கும். பாவு ஒன்றுதான், எது ஏறுகிறது என்பதில்தான் அன்னமும் மயிலும். உடம்பில் எல்லா செல்லிலும் ஜீன்கள் அநேகமாக ஒன்றுதான். எதை எழுப்புவது, எதை அமுக்குவது என்பதை இத்தகைய புரதங்கள் பார்த்துக்கொள்கின்றன.

பி.சி.எல்.6 ஓட்டையில்லாத அட்டை. கிருமியை எதிர்க்க பி செல்கள் வேகமாகப் பெருகும்போது, 'நிறுத்து, பழுது பார்' என்று சொல்லும் ஜீன்களை அது அமுக்கி வைக்கும். வேலை முடிந்ததும் விலக வேண்டும். விலகாவிட்டால் செல் பெருகிக்கொண்டே போகும். 1993இல் லிம்ஃபோமா செல்களை ஆராய்ந்தபோதுதான் இந்த ஜீனையே கண்டுபிடித்தார்கள்.

கீமோ, பெருகும் செல்லையெல்லாம் அடிக்கும். (சித்தப்பாவுக்கு மீசையும் போனது. அதுதான் அவருக்குப் பெரிய துக்கம்!) அந்த அட்டையை மட்டும் கழற்ற முடியாதா? கஷ்டம். இம்மாதிரிப் புரதங்கள் பலவற்றில் மருந்து பிடித்துக்கொள்ள ஆழமான பள்ளம் கிடையாது. ஆனாலும் 2020இல் வந்த ஓர் ஆய்வில், பி.ஐ.3802 என்ற ரசாயனம் பி.சி.எல்.6ஐச் சரம் சரமாகக் கோத்துவிட்டது. செல் அதைக் குப்பையென்று சிதைத்துவிட்டது. படித்தபோது விசிலடிக்கத் தோன்றியது. அது இன்னும் ஆய்வுக்கூடச் சரக்குதான். இ.செட்.எச்.2 என்று இன்னொரு அமுக்கும் புரதம் உண்டு. லிம்ஃபோமாவில் அது மாறியிருப்பது 2010இல் தெரிந்தது. அதைத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட் மாத்திரையை ஒருவகை லிம்ஃபோமாவுக்கு 2020 ஜூனில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பத்தே வருஷம்!

சம்பந்தி வீட்டுக்கு அப்பாவோடு நானும் போனேன். அவரும் நெசவாளி. "மாமா, கிழிஞ்சது தறியில இருக்கிற அட்டை. டிசைன் போட்ட கிராஃப் தாள் கிழியல. இது சித்தப்பா உடம்புல ஒரு செல்லுல பிற்பாடு வந்த கோளாறு. பிள்ளைங்களுக்கு இறங்குற சங்கதி இல்ல" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்து, "உங்க பெட்டி நூத்தி இருபது கொக்கியா, இருநூத்தி நாப்பதா?" என்று கேட்டார். பிறகு காபி வந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ஆறாவது மருந்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. சித்தப்பா மூன்று மாதத்துக்கு ஒருமுறை காரப்பேட்டைக்குப் போய் வருகிறார்.