சொல்லாமல் விட்ட இரண்டாம் சின்னம்

சீட்டாட்டத்தைப் பற்றி ஒரு தலைமையாசிரியன் கட்டுரை எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். காசு வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி எழுத நான் முற்படவில்லை. நான் கூறவிருப்பது பிரிட்ஜ் என்னும் ஆட்டத்தைப் பற்றி. அதில் பாதி சீட்டில் நடப்பதன்று, சொல்லில் நடப்பது. சொல்லையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களுக்கு அதில் ஈடுபாடு பிறப்பது இயல்புதானே!

1998ஆம் ஆண்டு. கெடா மாநிலத்தில் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி வந்தேன். பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு எஞ்சியிருந்தது. அவரை நாங்கள் 'ஐயா' என்றே அழைப்போம். சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நால்வர் கூடுவோம்: ஐயா, நான், பட்டணத்துச் சீன மருந்துக்கடைக்காரர், மலாய் எழுத்தர் ஒருவர். நால்வருக்கும் தாய்மொழி வேறு வேறாயினும், ஏலம் தொடங்கிவிட்டால் எல்லாருக்கும் ஒரே மொழிதான்.

அந்த மொழியில் 15 சொற்களே உண்டு. ஒன்று முதல் ஏழு வரை எண்கள். கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், நோ டிரம்ப் என்னும் ஐந்து பெயர்கள். பாஸ், டபுள், ரீடபுள் என்னும் மூன்று. அவ்வளவே. (கிளப் முதலிய நான்கையும் சீட்டாடுவோர் 'சாதி' என்பர். அச்சொல் எனக்குப் பிடிப்பதில்லை. சின்னம் என்றே எழுதுகிறேன்.) எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளிக்கு நம் கையிலுள்ள 13 சீட்டுகளின் தன்மையை இந்தப் பதினைந்து சொற்களால் உணர்த்தவேண்டும். புருவத்தை உயர்த்துவதும் குரலை மாற்றுவதும் குற்றம். இன்று ஆடப்படும் வடிவத்தை 1925இல் வான்டர்பில்ட் என்னும் அமெரிக்கர் ஒரு கப்பற்பயணத்தின்போது வகுத்தார். ஓய்வுப் பொழுதில் எத்துணைக் கடினமான இலக்கணத்தை ஆக்கி வைத்தார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

ஒரே சின்னம் நீளமாக இருக்கும் கையைச் சொல்வது எளிது. அதையே மீண்டும் சொன்னால் போதும். எதிலும் நீளமில்லாத சமநிலைக் கைக்கு நோ டிரம்ப் இருக்கிறது. இரண்டு சின்னங்கள் நீண்டு, இரண்டிலும் வலிமை மிகுந்து வரும் கைதான் ஆடுவோனைச் சோதிக்கும். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல வழியில்லை. ஒன்றைச் சொல்லி, கூட்டாளியின் மறுமொழியைக் கேட்டு, பிறகே மற்றதைச் சொல்லவேண்டும்.

ஒரு மாலை எனக்கு அத்தகைய கை வந்தது. ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, எட்டு, ஐந்து. ஹார்ட்டில் ஏஸ், ராஜா, ஜாக்கி, ஏழு, நான்கு. கிளப்பில் ஏஸும் நான்கும். டைமண்டில் ஓர் ஆறு மட்டும். ஏஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என எண்ணினால், சீட்டுக்கட்டிலுள்ள 40 புள்ளிகளில் 21 என் கையில்! 'ஒரு ஸ்பேட்' என்றேன். ஐயா 'ஒரு நோ டிரம்ப்' என்றார். அதாவது, ஆறு முதல் ஒன்பது புள்ளிகள் உண்டு. ஸ்பேடில் எனக்குத் துணையில்லை. எதிரணியினர் இருமுறையும் பாஸ் சொல்லிவிட்டனர். நான் சற்றும் தயங்காமல் 'நான்கு ஸ்பேட்' என்று பாய்ந்தேன். ஐயா பாஸ் சொன்னார்.

பத்துப் பிடிகள் போதும், பதினொன்று எடுத்தேன். மருந்துக்கடைக்காரர் என்னைப் பாராட்டினார். ஐயா மட்டும் தம் சீட்டுகளை மீண்டும் மேசைமேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேடில் இரண்டே சிறு சீட்டுகள். ஹார்ட்டிலோ ராணி, பத்து, ஐந்து, இரண்டு, டைமண்டில் ஏஸ். ஹார்ட்டைத் துருப்பாக்கியிருந்தால் பன்னிரண்டு பிடிகள் தாமே வந்திருக்கும். ஸ்லாம் கைநழுவியிருந்தது.

"ஹார்ட்டை ஏன் தம்பி சொல்லவில்லை?" என்றார்.

"ஸ்பேடே போதிய வலிமையாக இருந்தது ஐயா."

"உன் கையின் வலிமை உனக்குத் தெரியும். எனக்கு யார் சொல்வது?"

பிறகு அவர் எனக்கு விளக்கினார். இரண்டும் ஐந்தைந்தாக இருந்தால் உயர்ந்ததை முதலில் சொல். பின்னர் தாழ்ந்ததைச் சொன்னால், ஏலத்தின் படியை உயர்த்தாமலே கூட்டாளி முதலாவதற்குத் திரும்பலாம். ஆனால், 'இரண்டு ஹார்ட்' என்று மென்மையாகச் சொன்னால், அவன் எளிய கை என்றெண்ணிப் பாஸ் சொல்லிவிடக்கூடும். ஆகவே ஒரு படி தாண்டி 'மூன்று ஹார்ட்' என்னவேண்டும். பத்தொன்பது புள்ளிக்குக் குறையாத கை, இனி நிறுத்தாதே என்பது அதன் பொருள். தாழ்ந்த சின்னம் நீளமானதாயின் அதை முதலில் சொல்லி, உயர்ந்ததை இரண்டாம் படியில் சொல்வதும் வலிமையையே காட்டும். ஏனெனில் முதலாவதற்குத் திரும்பும் கூட்டாளி மூன்றாம் படிக்கு ஏறவேண்டியிருக்கும். எதிரணி முந்திக்கொண்டால், அவர்கள் சொன்ன சின்னத்தையே திருப்பிச் சொல்லி இரு சின்னக் கையை அறிவிக்கும் மைக்கேல்ஸ் என்னும் வழக்கும் உண்டு. அதைப் பலர் வலிமை குன்றிய கைக்கும் மிக வலிய கைக்கும் பயன்படுத்துவர். வலியவன் அடுத்த சுற்றிலும் வாய் திறந்தால்தான் வேறுபாடு விளங்கும்.

இத்தகைய கையை 'இரண்டு கிளப்' என்னும் பேராற்றல் அறிவிப்போடு தொடங்கினால் என்ன என்று கேட்டேன். அதனால் ஒரு முழுப் படி வீணாகிறது, இரண்டு சின்னங்களை விவரிக்க இடம் போதாது என்றார். 'ஒரு ஸ்பேட்' என்றதும் மூவரும் பாஸ் சொல்லிவிடும் அபாயம் உண்டே என்றேன். "உண்டு. அந்த அபாயத்தை ஏற்றுக்கொள்" என்று கூறிச் சீட்டைக் கலைக்கலானார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் சீட்டன்று. என் சட்டைப்பையில் ஒரு கடிதம் பத்து நாள்களாக இருந்தது. பட்டப்படிப்புக்கு நான் செய்திருந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தது. பள்ளியின்மேல் எனக்குள்ள பற்றை ஐயாவிடம் நூறு முறை சொல்லியிருக்கிறேன், அது பொய்யன்று. படிப்பின்மேல் அதற்கு இணையாக இருந்த வேட்கையை ஒருமுறையும் சொன்னதில்லை. நான் இருப்பேன் என்று நம்பி, அடுத்த ஆண்டின் பாட அட்டவணையை அவர் எழுதி முடித்திருந்தார். மாற்றாசிரியர் கேட்டு விண்ணப்பிக்கும் காலமும் கடந்திருந்தது.

திங்கட்கிழமை காலை கடிதத்தை அவர் மேசைமேல் வைத்தேன். இருமுறை படித்தார். "இது எப்போது வந்தது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அட்டவணையை எடுத்து, ஆறாம் வகுப்பில் என் பெயரை அடித்துவிட்டுத் தம் பெயரை எழுதினார். பணிக்காலத்தின் இறுதி மாதங்களில், அலுவலக வேலைகளோடு, யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்குரிய பதினொரு பிள்ளைகளையும் அவரே சுமந்தார். புதிய ஆசிரியர் வந்து சேர ஐந்து மாதங்களாயின. என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. கடிந்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

ஐயாவுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. பள்ளி விடுமுறைகளில் சென்று பார்ப்பேன். கண் மங்கிவிட்டதால் பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சென்ற விடுமுறையில் அவருடைய இரு பேரப்பிள்ளைகளும் சேர, ஆட்டம் அமைந்தது. ஐயா 'ஒரு ஸ்பேட்' என்றார். நான் 'ஒரு நோ டிரம்ப்' என்றேன். அவர் சீட்டுகளை முகத்தருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூன்று ஹார்ட்" என்றார். என்னிடம் ஹார்ட் நான்கு இருந்தன.