கரிசற்காட்டில் ஒரு கார்

புறத்தூய்மைக்கு நீரையே வழியாகக் காட்டினார் வள்ளுவனார். அந்நீரே அரிதாகிய ஊரில் வாழ்வார் யாது செய்வர்? எம் ஊராகிய புதூர், தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளம் வட்டத்தில், கரிசற்காட்டின் நடுவே உள்ளது. ஈண்டு உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியும் மழையை நம்பியே விளைகின்றன. கோடையில் நன்னீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் இல்லங்களும் உள. இத்தகைய ஊரில் குடும்பக் கார் ஒன்றைத் தூய்மையாகவும் ஒழுங்காகவும் பேணுதல் எங்ஙனம் என்பதே யாம் கூறப்புகுந்தது. சிறு பொருளென்று அன்பர்கள் இகழாதிருப்பாராக.

1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னரே நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் மெல்லமெல்ல எட்டும் பொருளாயிற்று. எம் இல்லத்துக் காருக்கு ஓய்வு என்பதே இல்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடும். நண்பகலில் விதைமூட்டை சுமக்கும். மாலையில் அத்தையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும். முகூர்த்த நாளில் உறவினரையும் சீர்த்தட்டுகளையும் ஒருங்கே ஏற்றிக்கொள்ளும். பலர்க்கும் உரிய பொருளைத் துடைக்கும் கடமை ஒருவர்க்கும் உரியதாகாது போதல் உலக இயல்பு. ஆதலின் இறங்குவோர் தாம் கொணர்ந்ததைத் தம்மோடு எடுத்துச் செல்லவேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தோம்.

இனி மண்ணைப் பற்றிச் சில கூறுவோம். கரிசல் மண் நீரை உண்டு பருக்கும். காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டுவழி சென்று மீளும் காரின் சக்கரங்களில் அது பசைபோல் அப்பிக்கொள்ளும். அந்த ஈரத்திலேயே துடைக்கப்புகுந்தால் மேலும் பரவும். முற்றும் காயவிட்டால் ஓடுபோல் இறுகும். இரண்டுக்கும் இடையே ஒரு பதம் உண்டு. அப்பதத்தில் மூங்கிற் சிம்பால் நெம்பினால், ஒரு துளி நீரும் இன்றிப் பாளம்பாளமாக உதிரும். கலப்பையில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் வழித்த எம் பாட்டனாரிடம் கற்ற பாடம் இது. சக்கரத்தின் மேல்வளைவில் மண்ணைத் தங்கவிட்டால் அது ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

ஆடிக்காற்றில் படியும் புழுதிக்கு வழி வேறு. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மணல் உராய்ந்து வண்ணப்பூச்சிற் கீறல் விழும். ஆதலின் முதலில் மெல்லிய தூரிகையால் தட்டுகின்றோம். பின்னர் இரண்டு வாளி நீர்: ஒன்று துடைக்க, மற்றொன்று அழுக்குத்துணியை அலச. மேற்கூரையில் தொடங்கிச் சக்கரத்தில் முடிக்கின்றோம். சோப்பு சேர்ப்பதில்லை, எஞ்சிய நீர் வாசலிலுள்ள முருங்கைக்குச் செல்கின்றது. கண்ணாடியையும் முகப்பு விளக்குகளையும் மட்டும் நாடோறும் துடைப்பது வழக்கம்.

உள்ளே பேணவேண்டுவது ஒழுங்கு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. ஆயினும் அதன் பாகு இருக்கையில் ஒட்டினால் எறும்புகளே அப்பெருமையை முதலில் உணர்கின்றன. எனவே குப்பைக்கென ஒரு துணிப்பையை முன்னிருக்கையின் பின்புறம் தொங்கவிட்டோம். தண்ணீர்ப் புட்டிகள் கதவின் பையிலன்றி வேறெங்கும் இரா. உருண்டுவந்த புட்டியொன்று பிரேக் மிதியின் அடியிற் சிக்கினால் மிதி இறங்காது, வண்டியும் நில்லாது. வேலிக்கருவை முள் எப்போதும் டயரைத் துளைக்கக்கூடும். ஆதலின் ஜாக்கியும் ஸ்பானரும் டார்ச் விளக்கும் பின்பெட்டியில் ஒரே மூலையில் உள்ளன.

இவ்வொழுங்கின் பயனை ஒரு கார்த்திகை நள்ளிரவில் கண்டோம். அத்தையாருக்கு மூச்சுத்திணறல்; தெருவில் மின்சாரமும் இல்லை. பின்னிருக்கையில் அகற்றவேண்டிய பை ஒன்றும் இல்லாமையால் அவரை உடனே நிமிர்த்தி அமர்த்தினோம். துடைத்த விளக்குகள் மழையினூடே வழிகாட்டின. கோவில்பட்டி மருத்துவமனையில், அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் எவை என்று மருத்துவர் வினவியபோது, முன்பெட்டியில் உறையிட்டு வைத்திருந்த தாளை எம் இளைய மகள் இருளிற் கைவிட்டே எடுத்துவந்தாள். நான்காம் நாள் அத்தையார் நலமுற்று வீடு திரும்பினார். வரும் வழியிலேயே, செருப்பு மண்ணைத் தட்டாமல் ஏறிய எம்மைக் கடிந்துகொண்டார்.

நீர் குறைந்த நாட்டில் தூய்மைக்கு வேண்டுவது நீரினும் பழக்கமே என்பது எம் துணிபு. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ அன்பர்கள் தம் வீட்டு வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்ப்பாராக. வாளியைத் தேடுமுன் செய்யத்தக்க பணி அங்கே சிறிது கிடைக்கும்.