பயண அனுபவக் கட்டுரை: நான்கு லீற்றரில் ஒரு பயணம்



"நான் சென்ற ஒரு பயணம்" என்று தலைப்புக் கொடுத்தால் எனது வகுப்பில் பாதிப்பேர் நுவரெலியாவுக்குப் போய்விடுவார்கள். அங்கே குளிர் இருக்கும், தேயிலைத் தோட்டம் இருக்கும், கட்டாயம் ஒரு "கண்கொள்ளாக் காட்சி" இருக்கும். உண்மையில் போனவர் எழுதியதற்கும் போகாதவர் எழுதியதற்கும் வேறுபாடு தெரியாது. எனவே எமது கிளிநொச்சி மாவட்டத்துக்குள்ளேயே நான் சென்ற ஒரு பயணத்தை இங்கே எழுதுகின்றேன். வாசித்தபின் உங்கள் பயணத்தை நீங்கள் எழுத வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஏழு பேர். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கின்றோம். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சனி, ஞாயிறு மோட்டார் சைக்கிளில் சென்று ஓரிடத்தில் கூடுவோம். அந்த இடம் சற்றுத் தொலைவாகவும், போவதற்குக் கடினமாகவும் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இது எங்களுக்கு மட்டும் உரிய பைத்தியம் அல்ல. ஜேர்மனியில் 1956 இல் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற பத்திரிகையாளர், "பச்சை யானை" என்று அழைக்கப்பட்ட சுண்டப் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களைக் குளிர்காலத்தில் ஓரிடத்துக்கு அழைத்தார். "யானைச் சந்திப்பு" எனப்படும் அந்தக் கூட்டத்துக்குப் பின்வந்த காலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் உறைபனியில் வண்டியோட்டிச் சென்று, பவேரியக் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். வழி கடினமானது என்பதனாலேயே அந்தச் சந்திப்புக்கு மதிப்பு.

எங்களுக்கு 2022 ஆம் ஆண்டில் பனி இல்லை, பெற்றோலும் இல்லை. நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்தது. அந்த யூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று அளவு வைத்தார்கள். நாங்கள் செல்ல நினைத்த இடமோ பூநகரிக்கு அப்பால் உள்ள கௌதாரிமுனை. கணக்கைப் பாருங்கள். வவுனியாவிலிருந்து அங்கு சென்று திரும்ப ஏறத்தாழ 250 கிலோமீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கும் 5 லீற்றர் வேண்டும். ஆகவே வவுனியா நண்பன் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, ஏ-9 வீதியால் பஸ்ஸில் பரந்தன் வந்து எனது வண்டியில் பின்னால் ஏறினான். எனக்கோ வாரத்துப் பங்கில் பாதிக்கு மேல் செலவு. மறுவாரம் ரியூசன் வகுப்புகளுக்குச் சைக்கிள்தான்.

"என்ன சேர், பெற்றோல் இல்லாத நேரத்திலயும் ஊர் சுத்தவோ?" என்று எங்கள் ஒழுங்கைக் கடைக்கார ஐயா கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆனால் எங்களிடமும் ஒரு காரணம் இருந்தது. முல்லைத்தீவு நண்பன் அடுத்த மாதம் இலண்டன் போகிறான். முதியோர் இல்லமொன்றில் வேலை. பயணச் செலவுக்காக மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டான். வண்டி இல்லாதவனுக்குப் பெற்றோல் பங்கும் இல்லை. அவனும் ஏ-35 வீதியால் பஸ்ஸில்தான் பரந்தனுக்கு வந்து சேர்ந்தான். அந்த ஆண்டுக்கான இடத்தைத் தெரிவு செய்தவனும் அவனே.

ஓகஸ்ட் மாதம் ஆகையால் சோளகக் காற்று வீசியது. பரந்தனிலிருந்து பூநகரிக்கு மேற்கு நோக்கிச் செல்லும்போது அது முன்னாலும் இடப்பக்கத்தாலும் வந்து மோதும். வண்டி வலப்பக்கம் தள்ளும். நாம் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தபடியே ஓட்ட வேண்டும். மாரியில் மொட்டைக்கறுப்பன் நெல் விளையும் வயல்கள் அப்போது காய்ந்து வெடித்துக் கிடந்தன. பூநகரி வாடியடிச் சந்தியில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். முழங்காவில் நண்பன் மன்னார் வீதியால் வந்திருந்தான். யாழ்ப்பாண நண்பர்கள் இருவரும் ஒரே வண்டியில் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து வந்திருந்தார்கள். 288 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2011 சனவரியில் திறக்கப்பட்டது.

நான்கு திசை வீதிகளால் ஏழு பேர் ஒரு சந்தியில் கூடுவது உங்களுக்குச் சாதாரண விடயமாகத் தோன்றும். நீங்கள் 2009 இற்குப் பின் பிறந்தவர்கள். ஏ-9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டதை உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய கதையையும் கேளுங்கள். அன்று பெற்றோல் இருந்தாலும் போக வழி இருக்கவில்லை. 2022 இல் வழி இருந்தது.

கௌதாரிமுனையை அண்மித்ததும் மணல் தொடங்கியது. மணலில் வேகம் உதவாது, பயமும் உதவாது. பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டும். ஓட்டுபவர் முதலாம் கியரில், முன் பிரேக்கைத் தொடாமல், கைபிடியை இறுக்காமல் செல்ல வேண்டும். இறுக்கினால் வண்டி சரியும். நாங்கள் ஓட்டியதிலும் பார்க்கத் தள்ளியதே அதிகம். தள்ளும்போது அதிகம் சிரித்தவன், வண்டி இல்லாத முல்லைத்தீவு நண்பனே.

மாலையில் மண்ணித்தலைச் சிவன் கோயிலை அடைந்தோம். மணற்பரப்பின் நடுவே நிற்கும் சிறிய, பழைமையான கோயில் அது. சோழர் காலக் கலைமரபைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993 இல் "பூநகரி - தொல்பொருளாய்வு" என்ற நூலை எழுதினார். அதைப் பல்கலைக்கழக நூலகத்தில் வரிசையில் நின்று வாங்கிப் படித்தவர்கள் நாங்கள். நண்பன் சிறப்புப் பாடமாக வரலாறு கற்றவன். சுவரைத் தொட்டபடி சொன்னான்:

"மச்சான், சோதினைக்கு எழுதின கோயில். போகமுந்தி ஒருக்கா கண்ணால பாக்கோணும் எண்டு நினைச்சனான்."

நாங்கள் ஒன்றும் பேசவில்லை. எங்கள் எல்லோருடைய மாவட்டத்துக்கும் அருகில் இருந்த இடம். ஒருவன் நாட்டை விட்டுப் போகும்போதுதான் எங்கள் கால் அங்கே பட்டது.

அன்றிரவு ஒரு மீனவரின் வாடியில் தங்கினோம். நண்டும் மீனும் மரவள்ளிக்கிழங்கும் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சினோம். கடல்நீரேரிக்கு அப்பால் யாழ்ப்பாணத்து வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. மறுநாள் பரந்தனில் நண்பன் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறும்போது எனது தலைக்கவசம் அவன் தலையில் இருந்தது. கழற்றித் தந்துவிட்டுப் போனான். இப்போது அவன் இலண்டனில். ஆண்டுச் சந்திப்பில் நாங்கள் ஆறு பேர்.

மாணவர்களே, இக்கட்டுரையில் அந்த இடத்துக்குச் சில வரிகளே கொடுத்துள்ளேன். எவ்வளவு செலவானது, யார் எப்படி வந்தார், காற்று எப்பக்கம் அடித்தது, யார் என்ன சொன்னார் என்பவற்றுக்கே மிகுதி இடம். இவை போனவருக்கு மட்டுமே தெரியும். நீங்கள் அம்மம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போயிருக்கலாம்; அப்பாவின் சைக்கிளில் இரணைமடுக் குளம் பார்க்கப் போயிருக்கலாம். அதையே எழுதுங்கள். நுவரெலியா அங்கேயே இருக்கட்டும், போய்வந்தபின் எழுதலாம்.

பயிற்சி

1. கட்டுரையாளர் பெற்றோல் கணக்கை விரிவாகக் கூறியதன் நோக்கம் யாது?
2. "அன்று பெற்றோல் இருந்தாலும் போக வழி இருக்கவில்லை. 2022 இல் வழி இருந்தது." இக்கூற்றை விளக்குக.
3. உரையாடல்கள் பேச்சுவழக்கில் அமைந்துள்ளமை கட்டுரைக்கு எவ்வாறு உதவுகின்றது?
4. உங்கள் மாவட்டத்துக்குள் நீங்கள் சென்ற ஒரு பயணம் பற்றிக் கட்டுரை எழுதுக. "கண்கொள்ளாக் காட்சி" என்ற தொடரைப் பயன்படுத்த வேண்டாம்.