ராசாவில் வீடு, போர்ட்டிக்சனில் கடல்

கோலாலம்பூர் வீட்டு விலைக்கு மிரண்டு நெகிரி செம்பிலான் பக்கம் வருகிறவர்கள் பலருக்கும் முதலில் கண்ணில் படுவது போர்ட்டிக்சன்தான். விளம்பரப் பலகையில் மாடி முகப்பு, அதற்கு அப்பால் மலாக்கா நீரிணை, வருஷம் முழுக்க வெயில். பார்த்ததுமே முன்பணம் கட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். சிரம்பானிலிருந்து கடற்கரைக்குப் போகும் அதே சாலையில், நகரத்தை விட்டு வெளியேறும் முன்பே ராசா இருக்கிறது. குடியிருக்க அதுதான் ஊர். கடல் எங்கும் ஓடிவிடாது. முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.

ராசா, சிரம்பான் நகர மையத்துக்குத் தென்மேற்கே ஒட்டிக் கிடக்கிறது. எங்கே நகரம் முடிந்து எங்கே ராசா தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. மாநிலத்தின் பெரிய அரசு மருத்துவமனையான துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை ஜாலான் ராசாவில்தான் இருக்கிறது. வயதான அப்பா அம்மாவோடு வீடு மாறும் குடும்பங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஊரின் பெயர் சிரம்பானின் நிழலில் மறைந்தாலும், வயதில் ராசா சளைத்ததல்ல. சுங்கை ஊஜோங் என்ற இந்த வட்டாரம் ஈயத்துக்குப் பேர்போன காலத்தில் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் இங்கே குடியேறினார்கள். ஈயம் லிங்கி ஆற்றின் வழியே கடலுக்குப் போனது. ஆற்றை யார் பிடித்து வைப்பது என்பதில் உள்ளூர்த் தலைவர்களான டத்தோ கெலானாவுக்கும் டத்தோ பண்டாருக்கும் மூண்ட பகையில் 1874இல் ஆங்கிலேயர் தலையிட்டனர். 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து ரயில் பாதை வந்தது. பிறகு ரப்பர். ரப்பரோடு நம்மவர்கள்.

சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பெயரைப் பழைய ஆட்களிடம் கேட்டால் மூச்சு விடாமல் அடுக்குவார்கள்: லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், அதர்ட்டன், செயின்ட் லியோனார்ட். இவற்றில் பலவற்றின் பெயர் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில்தான் பளிச்சென்று தெரிகிறது. தோட்டத்தில் வேலை இருந்தால் லயத்தில் வீடு உண்டு; வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நாற்பது வருஷம் பால் வெட்டியவருக்கும் ஒரு செங்கல் சொந்தமில்லை. 1950களின் பிற்பாதியில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கும் துண்டாடல் தலைவிரித்தாடியபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கும் வழியைக் காட்டினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் பங்குப் பத்திரம் வேறு, தன் பெயரில் கெரான் என்ற நிலப் பட்டா வேறு. அந்த இரண்டாவது கனவைப் பெரும்பாலும் அடுத்த தலைமுறைதான் தொட்டது, அதுவும் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளில்.

1990களில் தோட்ட நிலத்தில் சிரம்பான் 2 எழுந்தது. பின்னால் பண்டார் ஸ்ரீ செண்டாயான் வந்தது. அதற்கெல்லாம் மூத்தது ராசா ஜெயா. பழைய தாமான் வீட்டுக்கு என் ஓட்டு. புதியவற்றில் வேலியும் காவலும் உண்டு. கோவிலும் மளிகைக் கடையும் காரில் போகிற தூரத்தில். பழைய வரிசை வீட்டில் முன்னால் இரும்புக் கம்பிக் கதவு, கார் நிற்கும் இடம், ஓரத்தில் தொட்டியில் கறிவேப்பிலையும் துளசியும். மாடிப்படிக்குக் கீழே சாமி அறை. அடுத்த வீட்டு வாசலில் சீனரின் சிவப்புச் சாமி மாடம். பின்சந்தை ஒட்டி இழுத்துக் கட்டிய இரண்டாவது சமையலறை. மீன் பொரிப்பது அங்கேதான். அந்த இழுப்புக்கு மாநகர் மன்றத்தின் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று வாங்குமுன் கேளுங்கள். பலரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. நிலம் நிரந்தர உரிமையா, 99 வருஷக் குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருஷம் மிச்சம்? மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் நமக்கு விற்க முடியாது. இந்த மாநிலத்தில் அத்தகைய நிலம் நிறைய. வங்கி முதல் வீட்டுக்குப் பொதுவாக 90 விழுக்காடு வரை கடன் தரும், அதிகபட்சம் 35 வருஷம். மீதிப் பத்துக்கு ஊழியர் சேம நிதியில் கைவைக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து, வீட்டுக்கான பணம் அந்த நிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வருகிறது, சந்தாவில் அங்கே விழுவது 15 விழுக்காடுதான். 4 லட்சம் வெள்ளி வீட்டுக்கு உரிமை மாற்ற முத்திரைத் தீர்வை மட்டும் 7,000 வெள்ளி. முதல் வீட்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் நீட்டிக்கப்படுவது. தேதியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். புதிய தரைவீடு என்றால் மேம்பாட்டாளர் 24 மாதத்தில் சாவி தர வேண்டும். தந்த பிறகும் 24 மாதம் விரிசலுக்கும் ஒழுக்குக்கும் அவரே பொறுப்பு. சாவி கிடைத்த மகிழ்ச்சியில் இந்தத் தவணையைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். லாபத்துக்காக வாங்குகிறவருக்கு ஒரு வார்த்தை: மூன்று வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, ஆறாவது வருஷத்திலிருந்து குடிமக்களுக்கு வரி இல்லை.

அப்புறம் மழை. மதியம் வரை வெயில் கொளுத்தி, மாலையில் கொட்டித் தீர்க்கும் ஊர் இது. லிங்கி ஆறு சிரம்பானைத் தொட்டுத்தான் கீழே போகிறது. தாழ்வான தாமானில் வீடு பார்த்தால், விற்பவரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள், தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று.

போர்ட்டிக்சனை நான் குறை சொல்லவில்லை. அங்கே தெலுக் கெமாங் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பானையோடு வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்க்கவே நன்றாக இருக்கும். ஆனால் 1997 நெருக்கடியில் பாதியில் நின்றுபோன கடலோரக் கட்டடங்களை அந்த ஊர் வெகுகாலம் சுமந்தது. உப்புக்காற்று கம்பிக் கதவையும் குளிர்சாதனப் பெட்டியையும் அரித்துத் தள்ளும். வாடகைக்கு விடலாம் என்று வாங்கிய அடுக்குமாடி சனி, ஞாயிறு நிரம்பும், செவ்வாய்க்கிழமை ஈயாடும். பராமரிப்புக் கட்டணத்துக்கு அப்படி ஓய்வு நாள் கிடையாது.

கோலாலம்பூரில் தினசரி வேலை என்றால் மட்டும் ராசாவைப் பற்றி இரண்டு முறை யோசியுங்கள். தூரம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலை காலையில் உங்களுக்காகக் காத்திருக்காது. கொமுட்டர் ரயில் 1995 முதல் ஓடுகிறது, ஆனால் சிரம்பான் நிலையத்துக்குப் போகவே வண்டி வேண்டும், வண்டி நிறுத்த இடமும் வேண்டும். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வராமல், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கிருந்து வேலைக்குக் கிளம்பிப் பாருங்கள்.