தலைவிதியும் சட்டவிதியும்

விதி! இந்தச் சின்னஞ்சிறு சொல்லுக்கு நம் மொழியிலே இரண்டு பொருள். ஒன்று, நாம் பிறக்குமுன்பே யாரோ நெற்றியில் கிறுக்கி வைத்ததாகச் சொல்லப்படுவது. எழுதியவனைக் கண்டவர் இல்லை; எழுத்தைப் படித்தவரும் இல்லை. மற்றொன்று, மனிதர் கூடி வாதிட்டு, எழுதி, அச்சிட்டு, எண்ணிட்டு வைத்திருப்பது. எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம். முன்னதை நம் பாட்டாளி மக்கள் மனப்பாடமாக அறிவர். பின்னதை அறியார். அறியாதபடி பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் உண்டு, தோழர்களே!

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலே முந்திரி ஆலைகள் பல. ஊர்ப்பேச்சில் அவை 'அண்டியாபீஸ்'. ஆபீஸ் என்றதும் நாற்காலியும் மேசையும் நினைவுக்கு வருமானால், அந்த நினைவை அகற்றிவிடுங்கள். தரையோடு தரையாகப் பலகை; அதன்மேல் குந்தியிருக்கும் பெண்கள்; உடைக்க உடைக்கத் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய்; அந்த எண்ணெய் பட்டுப் பட்டுக் கருத்துப்போன விரல்கள். தோல் வெந்துபோகாமலிருக்கச் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். என் அன்னை 22 ஆண்டுகள் அப்படி உடைத்தவர். அந்தக் கரிய விரல்கள் கொடுத்த காசில்தான் நான் நாகர்கோவிலில் கல்லூரிப் படிப்பை முடித்தேன். இன்று கரும்பலகை முன் நிற்கிறேன். தோளிலே சீலை போடும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது, இந்த மண்ணின் பெண்ணினம். அதன் வழிவந்தோர் உரிமைக்குப் புதியவர்கள் அல்லர்.

இந்த ஆலைகள் இங்கே வந்த வரலாறு சுவையானது; சுவையோடு கசப்பும் கலந்தது. முந்திரித் தொழிலின் தலைநகர் கொல்லம். அங்கே சங்கங்கள் வலுத்தன, கூலி உயர்ந்தது. உடனே முதலாளிகளில் பலர் கணக்குப் போட்டனர்: எல்லைக்கு அந்தப் புறம் கூலி குறைவு, கூச்சலும் குறைவு. மூட்டை முடிச்சுகளோடு எல்லை தாண்டி வந்தனர். ஆக, அங்கே சங்கம் வென்றதாலும் இங்கே சங்கம் இல்லாததாலும் கிடைத்த வேலை இது! இதைத்தான் "முதலாளி போட்ட பிச்சை" என்று நன்றிப் பெருக்கோடு பேசினர் நம் மக்கள், பல காலம்.

மாலையில் நான் உதவிக்குச் செல்லும் சங்க அலுவலகம் ஓர் அறை மட்டுமே. ஒரு மேசை, மூன்று பெஞ்சு, சுவரிலே ஒரு கரும்பலகை. மாநாட்டுத் தீர்மானமோ, தலைவரின் பயணத் திட்டமோ முன்பெல்லாம் அதில் இருக்கும். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் 2024ஆம் ஆண்டிலிருந்து அதன் தலைப்பில் நிற்பது ஓர் எண்: 78.

என்ன அந்த 78? ஈ.எஸ்.ஐ. எனும் காப்பீட்டுத் திட்டம் 1948இல் சட்டமானது. தொழிலாளி தன் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி மூன்றேகால் ரூபாயும் கட்டுவது 2019 ஜூலையில் வந்த ஏற்பாடு. நோயுற்று வேலைக்குச் செல்ல முடியாத நாட்களுக்கு, கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் அதற்கொரு வாயில் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாளேனும் கூலி பெற்றதாகக் கணக்கில் ஏறியிருந்தால்தான், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அந்தத் தொகைக்கு உரிமை. அக்டோபர் முதல் மார்ச் வரைக்கும் அதே கணக்கு. பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. 77 நாள் என்றால்? வாயில் அடைப்பு!

என் அன்னையோடு பணிபுரிந்த ஓர் அம்மையார். நான் சித்தி என்றழைப்பது வழக்கம். 2024 பிப்ரவரியில் முதுகுத்தண்டு வலியால் எழ முடியாமற் போனார். மருத்துவர் மூன்று வாரம் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். பணம் கேட்கப் போனபோது, "உங்கள் கணக்கில் 71 நாள்தான்" என்ற விடை கிடைத்தது. சித்தி திரும்பி வந்தார். அழவில்லை, சினக்கவும் இல்லை. "மக்களே, நமக்கு எழுதினது அவ்வளவுதான்" என்றார்.

எழுதியது யார், சித்தி? நெற்றியிலே எழுதியவனா, ஆலையின் பேரேட்டிலே எழுதியவனா?

கைபேசியில் அவரது காப்பீட்டு எண்ணை இட்டுப் பார்த்தோம். மாதந்தோறும் கட்டிய தொகையும் நாளும் அதிலே தெரியும். 71தான். ஆனால் சித்தியின் அடுக்களைச் சுவரிலே ஒரு நாட்காட்டி. உடைத்த பருப்பின் எடையைத் தேதி தோறும் அதிலே குறித்து வைப்பது அவர் வழக்கம். எண்ணினோம். 80! ஒன்பது நாள் எங்கே போயிற்று? கூலி குறையவில்லை, அதுதான் சூழ்ச்சியின் நுட்பம். ஒரு நாளின் எடையை மறுநாளின் எடையோடு சேர்த்து, இரண்டு நாள் உழைப்பை ஒரு நாளாக்கி எழுதியிருக்கின்றனர். காசு சரியாக வந்ததால் எவரும் கணக்குக் கேட்கவில்லை. காசு வந்தது, நாள் களவு போயிற்று.

சங்கச் செயலாளர் மற்றப் பெண்களின் நாட்காட்டிகளையும் கொண்டுவரச் சொன்னார். எண்ணெய்க் கறை படிந்தவை, பிள்ளைகள் கிறுக்கியவை, திருச்செந்தூர் முருகன் படம் போட்டவை, பதினான்கு வந்தன. அத்தனையிலும் அதே ஒன்பது தேதிகள்! (முருகன் படத்தின் கீழே எழுதியிருந்த எடைக் கணக்குத்தான் சாட்சி சொன்னது, முருகன் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.) மனு எழுதினோம். நான்கு மாதம் நடந்தோம். ஆலை நிர்வாகம், "எழுத்தர் பிழை" என்று கூறி ஒன்பது நாளுக்கும் பணம் கட்டியது. சித்திக்குரிய தொகை வந்து சேர்ந்தது. அதற்குள் அவரது கம்மல் அடகுக் கடைக்குப் போய், அங்கேயே நிற்கிறது.

ஏற்றுமதிக்குப் பருப்பைத் தரம் பிரிப்பவர்களும் இவர்களே. ஒரு பவுண்டு எடைக்கு 320 பருப்புக்கு மேற்படாத தரத்தை, தராசில்லாமல், கண்ணாலும் கையாலும் பிரித்தெடுப்பர். சீமைச் சந்தைக்காக 320ஐ அறிந்தவர்களுக்குத் தம் வாழ்வுக்கான 78ஐ அறிவிக்க எவருமில்லை என்றால், அந்தக் குறை யாருடையது? சங்கத்தினுடையது என்றுதான் நான் சொல்லுவேன்.

முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, வாடியாவோடு நின்ற திரு.வி.க. பேச்சாளர் மட்டுமல்லர், பத்திரிகையாளர். 1923இல் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலர், அதே ஆண்டில் 'தொழிலாளன்' என்றோர் ஏடும் நடத்தினார். நம் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா, சுயமரியாதை இயக்க மேடையில் வளர்ந்து, 1937இல் தோன்றிய 'ஜனசக்தி'யில் பாட்டாளிக்காக எழுதினார். கொடியோடு கூடவே எழுத்தும் வேண்டும் என்று கண்டனர் அவர்கள்.

இன்றோ, சங்கம் பல இடங்களில் மனு எழுதிக் கொடுக்கும் கடையாகச் சுருங்கிவிட்டது. கட்டுமானத் தொழிலாளர்க்கு 1994இல் நலவாரியம் அமைந்தது. பிறகு பல தொழில்களுக்கும் வாரியங்கள் வந்தன. பிள்ளையின் படிப்புக்கு, திருமணத்துக்கு, மகப்பேற்றுக்கு, விபத்துக்கு, முதுமைக்கு உதவி உண்டு. கொத்தனார்களும் தையற்காரர்களும் எங்கள் அறைக்கு வருவர். "எவ்வளவு தரணும் சாரே?" என்பதே முதற் கேள்வி! வேறிடத்தில் தரகுக்குப் பழகிய நாக்கு. அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால், அடுத்த முறை தரகனுக்கு வேலையில்லை. அதனால்தானோ என்னவோ, சொல்லிக் கொடுக்கச் சிலருக்கு மனம் வருவதில்லை, சங்கக் கொடி பிடித்தவர்களுக்குக்கூட.

எங்கள் கரும்பலகையை இப்போது நான் எழுதுவதில்லை. தரம் பிரிக்கும் பகுதியிலிருந்து இரண்டு பெண்கள் முறை வைத்து எழுதுகின்றனர். எழுத்துப் பிழை வரும், என் ஆசிரியக் கை துறுதுறுக்கும், திருத்தாமல் வந்துவிடுவேன். 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மடித்து, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கின்றனர் டில்லியில். பலகையில் எழுத வேலை நிறைய. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு என்ற வரியைச் சென்ற வாரம் எழுதினார்கள். சித்தி அதைக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டு, "போன வருசம் ஏதோ ஒரு தாளிலே நம்ம கையெழுத்து வாங்கினானே, அதிலே என்ன எழுதியிருந்து?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை, வேலைக்கு அமருமுன், அந்தத் தாளின் நகலைக் கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. கேட்கப்போவது சித்திதான்.