கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

பெங்களூரில் பழைய கார்களின் அணிவகுப்பு எப்போது நடந்தாலும் அந்தப் பெரியவரைக் கூட்டத்தில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் கார்களைத் தொட்டுப் பார்ப்பார்கள், மட்கார்டில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அவர் மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பார். ஏறக்குறைய அறுபது வருடப் பழக்கம். பழக்கத்தை ஏற்படுத்தியது ஒரு ரோல்ஸ் ராய்ஸ்.

அவர் ஆஸ்டின் டவுன்காரர். பத்து வயதுவரை ஆஸ்டின் காரிலிருந்துதான் தன் பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்று திடமாக நம்பிக்கொண்டிருந்தார். நம்பியதில் தப்பில்லை. தெருவில் பாதிப் பேருக்கு வண்டி சம்பந்தப்பட்ட பிழைப்பு. ஒருவர் டிரைவர், ஒருவர் பெயிண்டர், ஒருவர் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். அப்பா டிங்கர். அவர் கையில் தட்டுப்படாத ஆஸ்டின் ஏ-40 அந்தப் பக்கத்தில் கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் பெருமை. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் சென்னையில் பூட்டி அனுப்பிய கார் அது. அந்தக் கம்பெனிதான் 1955இல் அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் என்று கண்டோன்மெண்ட்டைச் சுற்றி இருப்பதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பெயர்கள், கார் பெயர்கள் அல்ல என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னபோது பையனுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிற்பாடு கன்னட - ஆங்கில அகராதி தொகுத்த ஜெர்மன் பாதிரியார் கிட்டல் பெயரைப் பேட்டைக்குச் சூட்டினார்கள். ஆனாலும் பஸ் கண்டக்டருக்கும் ஆட்டோக்காரருக்கும் அது ஆஸ்டின் டவுன்தான்.

ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரை அவர் முதலில் கேள்விப்பட்டது பக்கத்து வீட்டு எச்.ஏ.எல். தொழிலாளியிடம். "எங்க ஃபாக்டரியில ரோல்ஸ் ராய்ஸ் இஞ்சினே செய்யறோம் தெரியுமா?" என்பார் அந்த மாமா. பொய்யில்லை. ஆவ்ரோ விமானத்துக்கான டார்ட் இஞ்சினை ரோல்ஸ் ராய்ஸின் உரிமம் பெற்று பெங்களூரில் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் பையனுக்கு விமானம் வேண்டியிருக்கவில்லை, கார்தான் வேண்டியிருந்தது. மைசூர் மகாராஜா ரோல்ஸ் ராய்ஸ் வாங்கினால் ஏழு ஏழாகத்தான் வாங்குவாராம் என்று அப்பா சொல்லியிருந்தார். ஒரே ஆள் ஏழு காரில் எப்படிப் போவார் என்று பையன் கேட்டதற்கு, "ராஜா போறதுக்கு ஒண்ணு, பாக்கி ஆறு நாம பாக்கறதுக்கு" என்று பதில் வந்தது.

1966இல் ஒரு நாள் அந்தக் கார் அப்பா வேலை செய்த ஷெட்டுக்கு வந்தது. ராஜாவின் கார் அல்ல. யாரோ சமஸ்தானக்காரர் வைத்திருந்து, சமஸ்தானங்கள் எல்லாம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு கை மாறி, ஒரு காப்பித் தோட்ட முதலாளியிடம் வந்து சேர்ந்தது. முதலாளி வீட்டு கேட்டில் இடித்து முன்பக்கத்து இடது மட்கார்டு நசுங்கிப்போயிருந்தது. பெங்களூரில் பட்டி வைக்காமல் தட்டியே நேராக்கக்கூடிய ஆட்கள் இரண்டோ மூன்றோ பேர்தான் என்று யாரோ சொல்லி, அதில் ஒருவராக அப்பாவின் பெயர் அடிபட்டது.

பள்ளி விட்டதும் பையன் ஷெட்டுக்கு ஓடினான். பதினோரு வயது. காரைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது என்று இப்போதும் சொல்கிறார். அது 1929இலிருந்து 1936வரை தயாரான ட்வென்ட்டி - ட்வென்ட்டிஃபைவ் என்ற மாடல். ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 3.7 லிட்டர் இஞ்சின். கம்பெனியின் கார்களில் சின்னது என்பதெல்லாம் அவர் பெரியவரான பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்குத் தெரிந்தது, கோயில் முன்மண்டபம் மாதிரி தூண் தூணாக நின்ற ரேடியேட்டரும், அதன் மூடியின் மேல் கைகளைப் பின்னால் வீசிப் பறக்கத் தயாராகக் குனிந்து நின்ற ஒரு சின்னஞ்சிறு பெண்ணும்தான். பையன் போய் அந்தப் பெண்ணின் முதுகை ஒரு விரலால் தடவினான். குளிர்ந்திருந்தது.

"டேய், தொடாதே. கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாரு" என்றார் அப்பா. ஷெட்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தப் பெண்ணின் கதையும் பின்னால் அவர் தேடிப் படித்ததுதான். 1911இல் சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி உருவாக்கியது. அதற்கு மாதிரியாக இருந்தவர் எலினார் தார்ன்டன் என்று சொல்வார்கள். மோட்டார் பத்திரிகை நடத்திய மான்டேகு பிரபுவிடம் செயலாளராக இருந்தவர். 1915 டிசம்பரில் அவரோடு இந்தியாவுக்குக் கப்பலில் புறப்பட்டார். 'பெர்ஷியா' என்ற அந்தக் கப்பலை மத்தியதரைக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கி குண்டு போட்டு மூழ்கடித்தது. பிரபு பிழைத்தார், அந்தப் பெண் பிழைக்கவில்லை. "இந்தியாவுக்கு வரணும்னு கிளம்பி வராமலே போனவங்க. ஆனா பொம்மையா எத்தனை பேர் வந்து இறங்கினாங்க பாருங்க" என்கிறார் பெரியவர்.

அப்பா மட்கார்டைக் கழற்றி வேலை ஆரம்பித்தார். உள்பக்கம் இரும்பு டாலியைப் பிடித்துக்கொண்டு வெளியே சுத்தியலால் தட்டுவார். ஓங்கி அடிக்க மாட்டார். ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும், நீண்ட தகடு எவ்வளவு தட்டினாலும் உப்பிக்கொண்டு நிற்கும். பத்துத் தட்டுக்கு ஒரு தரம் நிறுத்தி, பழைய வேட்டித் துணியை மேலே போட்டு உள்ளங்கையால் தடவுவார். வெறும் கையைவிடத் துணிக்கு மேலே தடவினால்தான் மேடும் பள்ளமும் தெரியுமாம். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும். கைக்கும் தெரியாததைப் பெயிண்ட் அடித்த பிறகு வெயில் காட்டிக்கொடுத்துவிடும். இதெல்லாம் அவர் பையனிடம் சொல்லிக்கொடுத்தது. வீட்டில் ஓயாமல் பேசாத மனிதர், தகடு என்றால் பேசுவார்.

நாலாவது நாள் காலையில் ரேடியேட்டர் மூடியைக் காணவில்லை. அதோடு பறக்கும் பெண்ணும் போய்விட்டாள்.

அந்த மூடி திருகினால் கையோடு வந்துவிடும். உலகம் முழுவதும் திருடர்களுக்குப் பிடித்த சாமான். ஷெட் முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றது: அந்தப் பொம்மையைத் தொட்டவன் யார்? தொட்டவன் ஒரே ஒருவன்தான். எல்லோரும் பார்த்திருந்தார்கள். முதலாளி அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பையன்கிட்ட நல்லபடியா கேளு, போலீசுக்கெல்லாம் போக வேணாம்" என்றாராம். பெரிய மனது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அன்று இரவு அப்பா பையனை அடித்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் கை நீட்டியதில்லை. "நான் எடுக்கல நைனா" என்று பையன் கத்தக் கத்த அடித்தார். புத்தகப் பையைக் கொட்டினார், அரிசிப் பானையில் கையை விட்டுப் பார்த்தார். அம்மா குறுக்கே வந்து விழுந்த பிறகுதான் நிறுத்தினார். பிறகு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். இரவு முழுக்க உள்ளே வரவில்லை.

மறுநாளும் அவர் வேலைக்குப் போனார், அதற்கு அடுத்த நாளும் போனார். யாரும் அவரோடு டீ குடிக்கக் கூடச் சேரவில்லை. மூன்றாம் நாள் காப்பித் தோட்ட முதலாளியின் டிரைவர் ஊரிலிருந்து திரும்பி வந்தார். "மூடியா? ஷெட்ல யாராவது கையை வச்சிடுவாங்கன்னு நான்தானே முந்தியே கழட்டி பீரோவுல வச்சேன்" என்றார். வண்டியைப் பார்க்க ஒரு நாள் சாயந்தரம் வந்தபோது திருகி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. ஷெட் முதலாளி சிரித்துவிட்டு, "சரி சரி, வேலையைப் பாருங்க" என்றார். கார்க்காரருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

அப்பா வேலையைப் பார்த்தார். அதுதான் பெரியவருக்கு இன்றுவரை ஆச்சரியம். அன்றைக்கே சுத்தியலைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. மேலும் ஆறு நாள் தட்டினார். மட்கார்டைப் பூட்டி, பெயிண்ட் அடித்து, மெழுகு போட்டுத் தேய்த்து, வெயிலில் நிறுத்தி மூன்று பக்கத்திலிருந்தும் குனிந்து பார்த்தார். ஒரு நெளிவு இல்லை. கூலியை வாங்கிக்கொண்டு, "நாளையிலிருந்து வரல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு வீட்டு வாசலிலேயே தகரப் பெட்டியும் பக்கெட்டும் சரிசெய்கிற வேலைதான் பார்த்தார். வருமானம் பாதியாயிற்று. எந்தக் காரையும் அவர் மறுபடி தொடவில்லை. பையனுக்கும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கவில்லை. "நீ பேனா பிடிக்கிற வேலைக்குப் போ. அதுல காணாமப் போனா ரசீது இருக்கும்" என்றார்.

பையன் படித்தான். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க் ஆனான். முப்பத்து மூன்று வருடம் ஒரு திருகாணி கணக்கில் குறையாமல் வேலை பார்த்து ஓய்வு பெற்றான். அடித்ததைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசாமலே 1988இல் காலமானார். ஆனால் சாகும் வரைக்கும் பஸ்ஸில் போகும்போது ரோட்டில் பழைய கார் எதையாவது பார்த்தால் மகன் பக்கம் திரும்பாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வார். அதுவே மன்னிப்பு கேட்டதுதான் என்று இப்போது தோன்றுகிறது பெரியவருக்கு. அப்போது தோன்றவில்லை.

1971இல் மன்னர் மானியம் ஒழிந்த பிறகு மிச்சமிருந்த அரண்மனைக் கார்களும் கை மாறின. சில மியூசியத்துக்குப் போயின. தர்மஸ்தலாவின் மஞ்சூஷா மியூசியத்தில் வரிசையாக நிற்கும் பழைய கார்களைப் பார்ப்பதற்காகவே பெரியவர் ஒரு முறை போய் வந்தார். பெங்களூரில் அணிவகுப்பு என்றால் எப்படியும் போய்விடுவார். தேடுவது எதை என்று மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் அது கிடைத்தது, அல்லது கிடைத்ததாக அவர் நினைக்கிறார். நிறம் மாறியிருந்தது, நம்பர் அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் ஓட்டுநர் பக்கத்துக் கதவுக் கைப்பிடிக்குக் கீழே பிறை மாதிரி ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தது. பதினோரு வயதில் பார்த்த அதே பிறை. கூடவே வந்திருந்த பேத்தி பறக்கும் பெண்ணைத் தொடப்போனாள். காவலுக்கு நின்ற இளைஞன், "தொடக் கூடாதும்மா" என்றான். பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே முன்பக்கத்து இடது மட்கார்டின் அருகில் போய்க் குனிந்தார். இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன தாத்தா தேடறீங்க?" என்றாள் பேத்தி.

"உங்க கொள்ளுத்தாத்தா செஞ்ச வேலை" என்றார்.

அவள் உற்றுப் பார்த்தாள். "ஒண்ணுமே தெரியலையே."

"தெரியாது" என்றார் பெரியவர். "தெரியக் கூடாது."